விற்ற ஓவியத்தின் பணம் எங்கே? பினாங்கு ஓவியக்கூட நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஜார்ஜ் டவுன், ஜூலை 2021

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்களில் ஒருவரிடமிருந்து எனக்கும் வேறு சில ஓவியர்களுக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. பொருளாதார மந்தநிலையை முன்னிட்டு விற்கும் ஒவ்வோர் ஓவியத்திலும் கூடம் எடுத்துக்கொள்ளும் விற்பனைக் கழிவு 40 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காடாக உயர்கிறது என்றும், அடுத்த இணையக் கண்காட்சியில் பங்குபெற ஒவ்வொருவரும் 300 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கட்ட வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. ஏற்கெனவே விற்றுப்போன ஓவியங்களுக்கு எங்களுக்குத் தர வேண்டிய பாக்கியைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

கடந்த ஆகஸ்டில், கோவிட் கட்டுப்பாடுகள் தளர்ந்திருந்த அந்தச் சில மாதங்களில், என் ஓவியம் ஒன்று 4,500 வெள்ளிக்கு விற்றது. லெபோ பாசார் தெருவில் பூக்கட்டும் ஓர் அம்மாவின் இரு கைகளும், விரலிடுக்கில் ஓடும் நாரும், மடியில் பாதி கட்டிய மாலையும்தான் படம். நான்கு மாத உழைப்பு. கேன்வாஸ், வண்ணம், பிரேம் எல்லாம் என் செலவு. கழிவு போக எனக்கு வர வேண்டியது 2,700 வெள்ளி. வாங்கியவர் முழுத் தொகையையும் அப்போதே செலுத்திவிட்டார். ஓவியம் கோலாலம்பூரில் அவர் வீட்டு வரவேற்பறையில் மாட்டப்பட்டிருக்கும் படத்தை நீங்களே உங்கள் பக்கத்தில் மகிழ்ச்சியோடு வெளியிட்டீர்கள். பதினோரு மாதங்கள் ஆகின்றன. கேட்கும்போதெல்லாம் "நிலைமை சீரானதும் பார்ப்போம்" என்ற பதில் மட்டும் தவறாமல் வருகிறது.

நான் ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். இம்மாதத் தொடக்கத்தில் எதிர்வீட்டு அக்கா, பத்து பெரிங்கிக் கடற்கரையில் ஒரு தங்கும் விடுதியில் அறை துப்புரவு செய்துகொண்டிருந்து வேலை இழந்தவர், என் கதவைத் தட்டி வெள்ளைத் துணி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். எதற்கென்று நான் கேட்கவில்லை. உதவி வேண்டும் என்பதற்கு அடையாளமாக நாடு முழுவதும் வீட்டு வாசல்களில் வெள்ளைக் கொடி ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. பிரேமில் இழுத்துக் கட்டியபின் மிஞ்சிய கேன்வாஸ் துண்டு ஒன்றைக் கொடுத்தேன். அவர் அதைத் துணி காயப்போடும் மூங்கில் கழியில் கட்டிச் சன்னலுக்கு வெளியே நீட்டினார். மாலைக்குள் யாரோ அரிசியும் முட்டையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்று என் வீட்டு அரிசி டின்னும் ஏறக்குறையக் காலிதான். இன்னொரு துண்டை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன், ஆனால் கட்ட மனம் வரவில்லை. நான் உழைத்துச் சம்பாதித்த 2,700 வெள்ளி உங்கள் கணக்கில் இருக்கும்போது, முகம் தெரியாத ஒருவரிடம் நான் ஏன் அரிசி கேட்க வேண்டும்?

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. 2020-இல் நாட்டின் பொருளாதாரம் 5.6 விழுக்காடு சுருங்கியது; 1998-க்குப் பிறகு இவ்வளவு பெரிய வீழ்ச்சி வந்ததில்லை. சுற்றுப்பயணிகள் இல்லை, கடை வாடகை நிற்கவில்லை. ஆனாலும் உங்கள் ஊழியர்களுக்காக அரசின் ஊதிய உதவித் தொகைக்கு விண்ணப்பிக்க உங்களுக்கு ஒரு வழி இருந்தது. நாங்கள் யாருடைய ஊழியரும் அல்லர் என்பதால் அந்தப் பட்டியலில் எங்கள் பெயர் இல்லை. ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுத்துக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தபோதும், எங்களுக்காகச் சந்தா கட்டிய முதலாளி எவரும் இல்லாததால், எடுக்க எங்களில் பலருக்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை. எங்களுக்கு இருக்கும் ஒரே சேமிப்பு, விற்றுப்போன ஓவியத்தின் பணம்தான். அதைத்தான் கேட்கிறேன்: விற்ற ஓவியத்தின் பணத்தை, விற்ற முப்பது நாள்களுக்குள் ஓவியரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஓவியத்தை உங்களிடம் ஒப்படைக்கும்போது நாங்கள் அதை உங்களுக்கு விற்பதில்லை; எங்கள் சார்பில் விற்றுத் தரச் சொல்கிறோம். கழிவு போக மீதி எங்களுடையது. முகவர் ஒருவர் தம்மை அமர்த்தியவருக்காகப் பெற்ற தொகையை அவரிடம் சேர்க்க வேண்டும் என்று 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் சொல்கிறது. 5,000 வெள்ளி வரையிலான பாக்கிக்கு வழக்கறிஞர் இல்லாமலேயே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குத் தொடுக்கலாம் என்பதும் எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருக்கிறோம். வழக்குப் போட்டவர் என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால், இந்தச் சின்னத் தீவில் வேறு எந்தச் சுவரில் போய் நாங்கள் ஓவியம் மாட்டுவது? அந்த அச்சத்தை நம்பித்தான் எங்கள் பணம் மாதக்கணக்கில் உங்கள் கடை வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும் போகிறது என்றால், உங்கள் மந்தநிலைக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் நாங்கள்தான்.

2008-இல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகரானது. 2012-இல் ஆர்மீனியன் தெருச் சுவரில் மிதிவண்டியில் இரு குழந்தைகளின் ஓவியம் வந்தபின், அதன்முன் நின்று படம் எடுக்கவே ஊர் ஊராக மக்கள் வந்தார்கள். காப்பிக் கடையும் தங்கும் விடுதியும் அதனால் பிழைத்தன, வாடகையும் ஏறியது. ஓவியத்தால் இத்தனை பேர் வாழ்ந்த ஊரில் ஓவியர் மட்டும் கடைசி வரிசையில் நின்று தன் பங்கைக் கெஞ்சிக் கேட்பது எந்த விதத்தில் நியாயம்? சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேனென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த நெருக்கடியிலும் பாக்கியைத் தவணையாகவேனும் தீர்த்துவிட்ட கூடங்கள் உங்களிடையே உண்டு. அவர்களை ஓவியர்கள் மறக்க மாட்டோம்.

கழிவை உயர்த்துவது பற்றிப் பிறகு உட்கார்ந்து பேசலாம். அதற்கு நான் தயார். இணையக் கண்காட்சிக் கட்டணத்தை எங்களுக்குத் தர வேண்டிய பாக்கியிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவும் தயார். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், விற்ற ஓவியத்தின் பணத்தைக் கொடுங்கள். இனி விற்பவற்றில் எங்கள் பங்கைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். முழுத் தொகையும் ஒரே தடவையில் முடியாதென்றால், எந்த மாதம் எவ்வளவு என்று எழுத்தில் தாருங்கள், நான் ஒத்துக்கொள்கிறேன். இப்போதைய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைப்படி பத்து கிலோமீட்டருக்கு அப்பால் போக முடியாது, ஆனால் உங்கள் கூடம் என் வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை. கதவு திறந்ததும் பற்றுச்சீட்டில் கையொப்பமிட நானே வருகிறேன். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை என்றால், என் வங்கிக் கணக்கு எண் ஒப்படைப்புப் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது.

பணிவுடன்,
ஜெலுத்தோங்கிலிருந்து ஓர் ஓவியர்