பேங்காக் போக பேக்கேஜ் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை நெருங்கினாலே 'பேங்காக் 4 நாள் 3 இரவு' விளம்பரங்கள் வரிசை கட்டி வந்துவிடுகின்றன. பினாங்கில் இருக்கிறவர்களுக்கு, அதுவும் பெரியவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு, அந்தப் பேக்கேஜே தேவையில்லை என்பேன். நாங்கள் பேக்கேஜிலும் போயிருக்கிறோம், பிறகு சொந்தமாகவும் போயிருக்கிறோம். பேக்கேஜ் பஸ் எங்களை முதலில் இறக்கிவிட்ட இடம் ரத்தினக் கல் கடை. அப்புறம் தோல் சாமான் கடை, அப்புறம் தேன் கடை. மூன்றாவது கடையில் என் மாமியார் பஸ்ஸை விட்டு இறங்கவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அரண்மனைக்கு மிஞ்சியது ஒரு மணி நேரம்!

நமக்கு வீட்டு வாசலிலேயே ரயில் இருக்கிறது. பட்டர்வொர்த்தில் கொமுட்டர் ரயில் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் எல்லை ஊரான பாடாங் பெசார். நம் குடிநுழைவு, தாய்லாந்து குடிநுழைவு இரண்டும் அதே நிலையத்துக்குள்ளேயே இருப்பதால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லையில் அலைய வேண்டியதில்லை. மாலையில் தாய்லாந்தின் படுக்கை வசதி ரயில் கிளம்பும், மறுநாள் காலை பேங்காக். பாடாங் பெசாரிலிருந்து வருவது இரண்டே ரயில் பெட்டிதான், மற்றவை தாய்லாந்துப் பக்கம் ஹாட்யாயில்தான் சேரும், அதனால் விடுமுறைக் காலத்தில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். கீழ்ப் படுக்கை அகலமானது, பெரியவர்களுக்கு அதைப் போடுங்கள். மேல் படுக்கைக்குப் பிள்ளைகள் தானாகவே சண்டை போட்டுக்கொள்வார்கள். டிக்கெட்டில் இருப்பது தாய்லாந்து நேரம், நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால், அதை மறந்துவிடாதீர்கள். எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டால் இரவுச் சாப்பாட்டுப் பிரச்சினையும் தீர்ந்தது.

2023 முதல் இந்த ரயில் பழைய ஹுவா லம்போங் நிலையத்துக்குப் போவதில்லை, பாங் சூவில் உள்ள புதிய பெரிய நிலையத்தில்தான் நிற்கிறது. ஊருக்கு வெளியே இருக்கிறதே என்று சிலர் அலுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அங்கேயே கீழே நீல வழித்தட மெட்ரோ இருக்கிறது. சீலோம், சாம் யோட், அரண்மனைப் பக்கம் உள்ள சனாம் சாய் என்று நமக்கு வேண்டிய இடமெல்லாம் அந்த ஒரே தடத்தில் வந்துவிடுகிறது. அந்தத் தடத்தை ஒட்டியே அறை எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிடுங்கள். மூன்று நாளில் மிதக்கும் சந்தை, பட்டாயா, சஃபாரி எல்லாம் பார்க்க ஆசைப்பட்டால் கடைசியில் பார்ப்பது பஸ்ஸின் ஜன்னலைத்தான்.

சாம் யோட்டில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் சிவப்பு நிறத்தில் உயரமான ஊஞ்சல் தூண்கள். 1935 வரை அதில் ஆள் ஏறி ஆடும் சடங்கு நடந்திருக்கிறது. பக்கத்திலேயே 1784இல் கட்டிய பிராமணர் கோயில். மார்கழியில் அங்கே அரச குருமார்கள் நம் திருவெம்பாவையை, உச்சரிப்பு உருமாறிப்போன நிலையில், இன்னமும் ஓதுகிறார்கள். அந்தத் திருவிழாவின் பெயரே திரியம்பாவாய்! எந்தப் பேக்கேஜ்காரர் இதைக் காட்டினார்? அரண்மனைக்குள் மரகத புத்தர் கோயில் சுவரில் ராமாயணம் 178 ஓவியங்களாக ஓடுகிறது. அந்த ஊர் அனுமார் பிரம்மச்சாரி இல்லை, காதல் மன்னன், அதைப் பெரியவர்களிடம் முன்னாலேயே சொல்லிவைப்பது நல்லது. முழங்காலும் தோளும் மறையும்படி உடுத்த வேண்டும். நுழைவுக் கட்டணம் 500 பாட், கொஞ்சம் உறைக்கும்தான், ஆனால் அரை நாள் தாராளமாகப் போகும். வெளியே ஒருவர் சிரித்த முகத்தோடு வந்து "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறு கோயிலுக்குக் கூட்டிப் போகிறேன்" என்றால் நம்பாதீர்கள், அவருடைய துக் துக் ஆட்டோ போய் நிற்பதும் ரத்தினக் கல் கடையில்தான்.

சீலோம் சாலையில் 19ஆம் நூற்றாண்டில் நம் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. நம்மவர்களைவிட தாய்லாந்துக்காரர்கள்தான் அங்கே அதிகம் வந்து கும்பிடுகிறார்கள். விஜயதசமி ஊர்வலத்துக்கு அந்தப் பெரிய சாலையையே மூடிவிடுவார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் உஷார், காய்கறி என்று சொன்னாலும் மீன் சாறு கலந்திருக்கும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட 'ஜே' எனும் சுத்த சைவக் கடைகளைத் தேடுங்கள், இல்லாவிட்டால் சாம் யோட் பக்கத்திலேயே பாஹுரட்டில் இந்தியக் கடைகள் உண்டு.

இன்னொன்று. 2025 மே முதல் தாய்லாந்துக்குள் நுழைய இணையத்தில் வருகை அட்டை பதிவு செய்ய வேண்டும், ரயிலில் போனாலும்தான், கைக்குழந்தைக்கும்தான். அது முற்றிலும் இலவசம். அதற்குக் காசு கேட்கும் போலி இணையத்தளங்கள் இருக்கின்றன. விளம்பரம் போடுகிற ஏஜெண்டுகளிலும் சிலர் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். தாய்லாந்து குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்திலேயே பதிவு செய்யலாம் என்று அந்த விளம்பரங்களுக்குப் பக்கத்தில் நீங்கள் ஒரு சிறு பெட்டிச் செய்தி போட்டால் பலருக்கு உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பட்டர்வொர்த்