சாந்திக்கு, மார்பிள் வாங்கப் போகும் முன்

அன்புள்ள சாந்தி,

தரை போடுகிற அளவுக்கு வீடு வந்துவிட்டதா! படித்ததும் அவ்வளவு சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம், பெரியவன் கோயம்புத்தூருக்கு மாறிப் போய்விட்டான், எனக்கு முழங்கால்தான் படி ஏறினால் வலிக்கிறது.

மார்பிள் பற்றிக் கேட்டிருந்தாய். ஹாலுக்கும் பூஜை அறைக்கும் தாராளமாகப் போடு, சமையலறைக்கு மட்டும் வேண்டாம். நாங்கள் மக்ரானா வெள்ளை போட்டோமே, தாஜ்மகாலுக்குக் கல் போன ராஜஸ்தான் ஊர் என்று இவருக்கு அத்தனை பெருமை. கிரகப்பிரவேசம் முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கி, சரியாக அலசாமல் ஈரத்தோடு தரையில் வைத்துவிட்டேன். சாயங்காலம் எடுத்தால், விளக்கின் அடி வட்டமாக அப்படியே பதிந்திருக்கிறது. துடைத்தேன், சோப்புப் போட்டேன், போகவே இல்லை. விரலால் தடவினால் அந்த இடம் மட்டும் சொரசொரவென்று இருந்தது. அது கறையே இல்லை சாந்தி. சுண்ணாம்புக்கல்தான் பூமிக்குள் சூட்டிலும் அழுத்தத்திலும் மாறி மார்பிள் ஆகிறது, புளிப்புப் பட்டால் மேல்பகுதி கரைந்துவிடும், கரைந்துபோனதை எப்படித் துடைத்து எடுப்பது? பாலிஷ் போடுகிறவரை வரவழைத்துத்தான் சரிசெய்தோம். புளியும் தக்காளியும் எலுமிச்சையும் இல்லாமல் நமக்கு எந்த நாள் விடிகிறது? அதனால் சமையல் மேடைக்கு கிரானைட்தான். பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டும் ஒரு துளி மார்பிள் பக்கம் வரக் கூடாது, வேலைக்கு வருகிறவரிடம் முதல் நாளே சொல்லிவிடு.

வாங்கும்போது கையளவு சாம்பிளை நம்பாதே. நீயும் அண்ணாவும் நேரில் போய், முழு ஸ்லாப்பையும் வெளிச்சத்தில் நிறுத்தச் சொல்லி, தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். விரிசல் இருந்தால் மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் அந்தக் கோட்டில் மட்டும் ஈரம் நிற்கும். இத்தாலி மார்பிளில் பின்னால் வலை ஒட்டியிருப்பது வழக்கம்தான், கல் உடையாமல் இருக்கச் செய்வது, பயப்படாதே. முன்பக்கம் நிறைய பிசின் அடைத்திருந்தால் வேறு ஸ்லாப் பார். நானோ வெள்ளை என்று ஒன்று காட்டுவார்கள், ஒரு புள்ளிகூட இல்லாமல் பளீரென்று இருக்கும், அது தொழிற்சாலையில் செய்தது. எனக்கு ரேகை ஓடுகிற கல்தான் பிடிக்கும். அப்புறம், மேஸ்திரியிடம் வெள்ளை சிமெண்ட் என்று அழுத்திச் சொல், சாதா சிமெண்ட் போட்டால் வெளிர் கல்லில் அந்தச் சாம்பல் நிறம் மேலே தெரியும்.

போட்ட பிறகு பெரிய வேலை இல்லை. வெறும் தண்ணீர், எப்போதாவது காரமில்லாத சோப்பு, அவ்வளவுதான். வாசலில் மிதியடி மட்டும் கட்டாயம் போடு. மணல் மார்பிளைவிடக் கடினம், காலோடு உள்ளே வந்து பாலிஷைக் கீறிவிடும். சீலர் என்கிற காப்புப் பூச்சு அடித்தால் எண்ணெய் சீக்கிரம் உள்ளே இறங்காது, ஆனால் புளிப்பை அது தடுக்காது, கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி. விளக்கு எண்ணெய் சொட்டினால் தேய்க்காமல் துணியால் ஒற்றி எடு. இறங்கிவிட்டால் சோடா உப்பைத் தண்ணீரில் குழைத்து அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி வைத்து, மறுநாள் எடுத்துப் பார். ஒரு தடவையில் போகாது, இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டும். நான் இப்போது விளக்குக்கு அடியில் பித்தளைத் தாம்பாளம் வைத்துவிடுகிறேன்.

அத்தை நடக்கிற பாத்ரூமுக்கு மட்டும் பாலிஷ் போட்ட கல் வேண்டவே வேண்டாம், ஈரத்தில் வழுக்கும்.

ஸ்லாப் பார்க்க என்றைக்குப் போகிறீர்கள் என்று எழுது, நானும் வருகிறேன்.

உன்,
மீனா