செயலாளர் ஆண்டறிக்கை: கமா போட்டால் பக்கம் பாய்ந்த கதை

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பழைய கம்ப்யூட்டர்களைக் காப்பாற்றி வைக்கும் நம் சங்கத்தின் சென்ற ஆண்டு நடவடிக்கைகளை உங்கள் முன் வைக்கிறேன். கொட்டும் மழையில் தள்ளிப்போன ஒரு கூட்டம் தவிர மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அதில் நான் மூக்கை நுழைத்தால் அவருக்குப் பிடிக்காது.

இந்த ஆண்டு நம் மேசைக்கு வந்தவற்றில் பாதிக்கு மேல் பிரிண்டர் போர்ட், அதாவது கம்ப்யூட்டரில் பிரிண்டர் கேபிள் செருகும் வாய், கோளாறுதான். நம்மூரில் ஊசியால் தட்டி அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இன்னும் ஓய்வு பெறவில்லை. கார்பன் வைத்து மூன்று பிரதியை ஒரே அடியில் எடுக்க லேசர் பிரிண்டரால் ஆகாது. லாரி புக்கிங் ஆபீஸிலும் ஜவ்வரிசி மண்டியிலும், விண்டோஸுக்கு முந்தைய டாஸில் எழுதிய பில் புரோகிராமை இன்றும் ஓட்டுகிறார்கள். வெளியில் அவர்களுக்குச் சொல்லப்படும் வைத்தியம் ஒன்றே ஒன்று: "போர்ட் போச்சுங்க, மதர்போர்டையே மாத்தணும்." அந்தக் காலத்துப் போர்டு எங்கே கிடைக்கும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

லீ பஜார் பக்கத்து வியாபாரி ஒருவரிடமும் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் நம்மிடம் கொண்டு வந்தது கம்ப்யூட்டரை அல்ல, ஒரு கட்டுக் காகிதத்தை. "பேய் புகுந்த மாதிரி பக்கம் பக்கமாத் தள்ளுதுங்க. அமாவாசைக்கு எலுமிச்சம்பழம்கூடக் கட்டிப் பாத்தாச்சு" என்றார். நம் துணைத்தலைவர் காகிதத்தை விளக்கடியில் வைத்துப் பத்து நிமிடம் பார்த்தார். சின்ன எழுத்தெல்லாம் பெரிய எழுத்தாக விழுந்திருந்தது. சொற்களுக்கு நடுவே இடைவெளியே இல்லை. எண்கள் மாயம். "Rs. 1,250" என்று வர வேண்டிய இடத்தில் வெறும் "RS", அதோடு பக்கம் முடிந்து அடுத்த தாள்.

"ஏழாவது பின்" என்றார். அவர் கம்ப்யூட்டரை இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

கணக்கு இதுதான். கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு எழுத்தும் ஓர் எண். அந்த எண்ணின் எட்டு பிட்டும் (0 அல்லது 1) கேபிளின் 2 முதல் 9 வரையிலான பின்களில் போகின்றன. ஏழாவது பின்னில் போகும் பிட்டின் மதிப்பு 32. அது செத்தால் அந்த பிட் 1 ஆக உள்ள எந்த எழுத்திலும் 32 குறையும். சின்ன a 97, அது 65 ஆகிப் பெரிய A ஆகும். இடைவெளி 32, அது பூஜ்யமாகிக் காணாமல் போகும். எண்கள் 48 முதல் 57 வரை, அவை 16 முதல் 25 வரையான கட்டளைக் குறிகளாகிக் காகிதத்தில் விழாது. கமா 44, அது 12 ஆகும். பிரிண்டர் மொழியில் 12 என்றால் "தாளை வெளியே தள்ளு". பேய் அதுதான்.

கேபிளைக் கொண்டுவரச் சொல்லி மூடியைக் கழற்றினோம். யாரோ கையால் சால்டர் வைத்த 25 பின் கனெக்டர். 7-க்கு நேர் கீழ் வரிசையில் 19, 20 இருக்கின்றன. 18 முதல் 25 வரை எல்லாமே கிரவுண்டு, அதைத் தொட்ட பிட் 0 ஆகிவிடும். 7-க்கும் 20-க்கும் நடுவில் முடி மாதிரி ஒரு செம்பு இழை தொட்டுக்கொண்டிருந்தது. ஊசியால் தள்ளிவிட்டு, மல்டிமீட்டர் கத்தவில்லை என்று பார்த்துக்கொண்டு மூடினோம். செலவு: மூன்று டீ.

ஏற்காட்டில் இதே பின், ஆனால் நேர் எதிரான கோளாறு. எஸ்டேட் ஆபீஸ் ஒன்றில் எடைச் சீட்டின் எல்லா வரியும் "-*" என்று முடிந்து, அடுத்த வரிக்குப் போகாமல் தொடர்ந்து ஓடியது. பெரிய எழுத்தெல்லாம் சின்னதாகிவிட்டது. அங்கே கம்பி தொட்டிருக்கவில்லை, இணைப்பு விட்டுப் போயிருந்தது. இணைப்பு விட்டால் பிரிண்டர் அந்த பிட்டை எப்போதும் 1 என்றே படிக்கும், அதனால் அது 0 ஆக இருந்த எழுத்தில் 32 கூடும். வரி ஆரம்பத்துக்குத் திரும்பும் குறி 13, அது 45 ஆகிக் கோடாகும். அடுத்த வரிக்கு இறங்கும் குறி 10, அது 42 ஆகி நட்சத்திரமாகும். லைன் ஃபீட், ஃபார்ம் ஃபீட் இரண்டு பட்டனையும் அழுத்திக்கொண்டே எப்சன் பிரிண்டரை ஆன் செய்தால் வருகிற எழுத்தை எல்லாம் ஹெக்ஸ் எண்ணாகவே (பதினாறின் அடுக்கில் எழுதும் எண்) அடிக்கும். அதிலும் '0டி 0ஏ' (13, 10) வர வேண்டிய இடத்தில் '2டி 2ஏ' (45, 42). இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி நாம் சுமந்து போன உதிரி போர்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. மலைப் பனியில் பிரிண்டர் பக்கத்து 36 பின் கனெக்டரில் பச்சைக் களிம்பு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பழைய டூத் பிரஷ், அவ்வளவுதான்.

எல்லாம் கேபிளோடு முடிந்துவிடவில்லை. அம்மாபேட்டை உறுப்பினரின் பழைய மெஷினில் ஹெர்குலிஸ் டிஸ்ப்ளே கார்டு போட்ட நாள் முதல் பிரிண்டர் மௌனம். அந்தக் கார்டிலேயே ஒரு பிரிண்டர் போர்ட் உண்டு, முகவரி 3பிசி (ஹெக்ஸ் எண், 3BC). கம்ப்யூட்டரைத் துவக்கும் பயாஸ் அதைத்தான் முதலில் தேடும், பிறகு 378, கடைசியில் 278. புதுசு வந்ததும் அது எல்பிடி1, அதாவது முதல் பிரிண்டர் போர்ட், ஆகி, கேபிள் செருகியிருந்த பழைய போர்ட் எல்பிடி2 ஆகிவிட்டது. டாஸின் டிபக் என்ற சோதனைப் புரோகிராமில் 'டி 40:8' என்று கேட்டதும் 'பிசி 03 78 03' என்று தலைகீழாக ஆனால் உண்மையாகச் சொல்லிவிட்டது. கேபிளை இடம் மாற்றினோம்.

யுஎஸ்பி-பேரலல் மாற்றுக் கேபிள் பற்றி ஒரு குறை. 378 முகவரிக்கு நேராக எழுதும் டாஸ் புரோகிராமுக்கு அது ஒரு போர்ட்டாகவே தெரியாது. நானே ஒன்று வாங்கி ஏமாந்தேன். கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. வேண்டுமென்றால் ஏலம் விடுகிறேன்.

பதின்ம வயது உறுப்பினர் ஒருவர் கேட்டார்: பிரிண்டர் கேபிளின் ஒரு முனையில் 36 பின், மறு முனையில் 25 ஏன்? 36 பின் சென்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1970-இல் கொண்டுவந்த பிரிண்டரோடு வந்த வழக்கம். 1981-இல் ஐபிஎம் தன் பிசியில் இடத்தை மிச்சம் பிடிக்க 25 பின்னை வைத்தது. 13 வரை இரண்டு பக்கமும் ஒரே எண்தான், அதற்கு மேல்தான் குழப்பம். இருதிசைப் பேச்சுக்கான ஐஇஇஇ 1284 தரம் 1994-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய பிரிண்டர் ஒத்துழைக்காவிட்டால் பயாஸில் இசிபி என்ற இருதிசை முறையை விட்டு எஸ்பிபி என்ற பழைய சாதாரண முறைக்கு மாற்றிப் பாருங்கள்.

கம்ப்யூட்டர், பிரிண்டர் இரண்டையும் அணைக்காமல் கேபிளைப் பிடுங்கக்கூடாது என்று போன ஆண்டே தீர்மானம் போட்டோம். அதை மீறி ஒரு போர்ட் சிப்பைச் சாகடித்தவர் இந்தக் கூட்டத்தில் முன்வரிசையில்தான் இருக்கிறார். பெயர் சொல்லவில்லை.

வரும் ஆண்டு ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு லூப்பேக் பிளக் (போர்ட் அனுப்பியதை அதற்கே திருப்பிக் கொடுத்துச் சோதிக்கும் பிளக்) செய்து தர உத்தேசம். 2-ஐ 15-உடனும், 3-ஐ 13-உடனும், 4-ஐ 12-உடனும், 5-ஐ 10-உடனும், 6-ஐ 11-உடனும் இணைத்தால் போதும். சால்டரிங் அயர்ன் உள்ளவர்கள் கொண்டு வரவும்.

சங்கத்தின் 36 பின் டெஸ்ட் கேபிள், நீல டேப் சுற்றியது, மார்கழியிலிருந்து காணவில்லை. எடுத்துப் போனவர் கதவோரம் வைத்துவிட்டால் போதும், யார் என்று கேட்க மாட்டேன்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்