புகார்: ஷாஃப்டோடு ஒட்டிப்போன பின்சக்கரமும் 600 வெள்ளி பில்லும்

அனுப்புநர்: மூன்று ஸ்கூட்டர் உரிமையாளர்கள், ஜெலுத்தோங், பினாங்கு

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: சக்கரம் மாட்டும்போது கிரீஸ் பூசாததும் நட்டை அளவின்றி இறுக்கியதும், பில் தொகையைத் திருப்பிக் கேட்டல்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் நிறுவனத்தில் வாங்கிய ஒரே மாடல் 125 சிசி ஸ்கூட்டர்கள் மூன்று எங்களிடம் இருக்கின்றன. மூன்றிலும் பின்சக்கரம் ஷாஃப்டோடு ஒட்டிக்கொண்டது. முதல் வண்டியை டயர் மாற்ற உங்கள் சர்வீஸ் சென்டரில் விட்டோம். சக்கரத்தைக் கழற்றுவதற்குள் ரிம் விரிசல் கண்டது, கியர்பாக்ஸ் பேரிங்கும் கெட்டது. புது ரிம் 320 வெள்ளி (ரிங்கிட்), பேரிங்கும் சீலும் 85, கியர் ஆயில் 15, கூலி 180, ஆக மொத்தம் 600 வெள்ளி பில் வந்தது. கவுண்டரில் கிடைத்த விளக்கம் இதுதான்: "கடல் காத்து, மழை. நீங்க வண்டிய சரியா பாத்துக்கல. உடைக்காம எடுக்க முடியாது."

மற்ற இரண்டு வண்டிகளின் சக்கரங்களையும் வீட்டிலேயே ஒரு கீறல் விழாமல் எடுத்திருக்கிறோம். அப்போது உள்ளே பார்த்ததை வைத்தே இதை எழுதுகிறோம்.

இந்த மாடலில் பின்சக்கரத்துக்குத் தனி அச்சு கிடையாது. கியர்பாக்ஸிலிருந்து வரும் இரும்பு ஷாஃப்டின் பல்வெட்டில் (நீளவாக்கில் வெட்டிய பற்களில்) அலுமினிய ஹப், அதாவது சக்கரத்தின் நடுப்பகுதி, நேராக ஏறி உட்காருகிறது. வெளியே ஒரு காலர் (வளையம்), அதன்மேல் 24 மிமீ நட்டு. இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால் அரிபடுவது அலுமினியம்தான். அரித்துவரும் வெள்ளைப் பொடி, கரைந்த உலோகத்தைவிடக் கூடுதல் இடம் பிடிக்கும். இரண்டாவது வண்டியின் ஹப்பைத் திருப்பிப் பார்த்தபோது, பல்லிடுக்கு ஒவ்வொன்றிலும் திருநீற்றைக் குழைத்து அப்பிக் காயவிட்டதுபோல அந்தப் பொடி இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டினால் வரவில்லை, பித்தளைப் பிரஷ் தேவைப்பட்டது. கிரீஸின் பிசுக்கோ கறையோ வாடையோ எதுவும் இல்லை.

இங்கேதான் எங்கள் மனம் கொதிக்கிறது. பினாங்கில் கடல் காற்று இல்லாத தெரு எது? பினாங்குப் பாலத்தில் தினமும் போய்வரும் மோட்டார்கள் எத்தனை! அந்த ஈரம் பல்லுக்குள் போகாமல் தடுக்கத்தான் சக்கரம் மாட்டும்போது மெல்லிய பூச்சாகக் கிரீஸ் தடவுவது. விரல்நுனியில் எடுக்கும் அளவு போதும், சில காசு கூடப் பெறாது. மூன்று வண்டிகளின் சர்வீஸ் புத்தகங்களிலும் உங்கள் முத்திரை மட்டுமே இருக்கிறது. 14,000 கிலோமீட்டரில் பின் டயர் மாற்றியது உங்கள் ஆட்கள். சக்கரத்தைக் கடைசியாக மாட்டிய கையும் உங்களுடையதே. ஆகவே "பார்த்துக்கொள்ளவில்லை" என்ற சொல் எங்களைச் சேராது.

அடுத்தது நட்டு. இந்த வகை ஸ்கூட்டர்களில் இதை ஏறத்தாழ 100 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குவார்கள். 30 சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனியில் 40 கிலோ பாரம் கொடுத்தால் கிட்டத்தட்ட இந்த அளவு வந்துவிடும். உங்கள் பட்டறையில் நாங்கள் பார்த்தது காற்றழுத்தத்தால் நட்டை முடுக்கும் ஏர் கன் மட்டும்தான், அளவு வைத்து இறுக்கும் டார்க் ரெஞ்சு கண்ணில் படவே இல்லை. மூன்றாவது வண்டியில் நாங்கள் எங்கள் டார்க் ரெஞ்சை 180 நியூட்டன் மீட்டருக்கு வைத்து, இறுக்கும் திசையிலேயே சோதித்தோம். அந்த அளவு எட்டியதற்கு அடையாளமாக "டிக்" என்றது, நட்டு இம்மியும் நகரவில்லை. பழைய நட்டு துருவால் பிடித்துக்கொள்ளும் என்பது தெரிந்த விஷயம்தான். ஆனால் இந்த வண்டியின் சக்கரத்தைப் பஞ்சருக்காகக் கழற்றி, ஒட்டியிருந்ததைச் சுத்தியலால் அடித்தே எடுத்து, அப்படியே திரும்ப மாட்டி உங்கள் சென்டர் அனுப்பி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. நட்டின் மரையில் துரு இல்லை. அலுமினியம் மெத்தான உலோகம். அளவு மீறி இறுக்கினால் ஹப்பின் முகம் ஷாஃப்டின் தோளில் அமுங்கிக் கவ்விக்கொள்ளும். பிறகு உள்ளே பொடியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

"உடைக்காமல் எடுக்க முடியாது" என்பதற்கு எங்கள் பதில், நாங்கள் எடுத்த முறை. உங்கள் மெக்கானிக்குகளிடம் தயவுசெய்து படித்துக் காட்டுங்கள்.

எஞ்சின் ஆறிய பிறகு எக்ஸோஸ்டை (புகைக்குழாயை) இறக்கினோம். சிலிண்டர் தலையில் இரண்டு நட்டு, பின்னால் இரண்டு போல்ட். தலையில் உள்ளவற்றுக்கு முந்தின இரவே துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்துவைப்பது நல்லது, அந்த நட்டு ஏறும் ஸ்டட் (மரையாணி) முறிந்தால் அது தனிச் செலவு. வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பின் பிரேக்கைப் பிடிக்க, மற்றவர் நீளக் கைப்பிடியில் 24 மிமீ சாக்கெட் போட்டு நட்டைத் தளர்த்தினார். நட்டை முழுதாகக் கழற்றவில்லை. ஷாஃப்டின் நுனியோடு சமமாக வரும்வரை மட்டும் சுற்றினோம். மரை காக்கப்படும், சக்கரம் திடீரென்று விடுபட்டாலும் ஆள்மேல் விழாது.

சக்கரத்தைத் தட்டி எடுக்கும் முன் பிரேக் அட்ஜஸ்டர் நட்டைச் சுற்று எண்ணிக்கொண்டே தளர்த்த வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிரேக் டிரம் தேய்ந்து அதன் வாயில் விளிம்பு கட்டியிருந்தால், உள்ளே உரசும் பிரேக் ஷூ அதில் மாட்டிக்கொள்ளும். ஷாஃப்டில் ஒட்டவே இல்லாத சக்கரம்கூட ஒட்டியதுபோல நிற்கும்.

பல்வெட்டின் வெளிநுனியில் துருவுக்குள் ஊடுருவும் ஸ்ப்ரேயைக் கொஞ்சமாக அடித்து ஓர் இரவு விட்டோம். நிறைய அடித்தால் டிரம்முக்குள் இறங்கி பிரேக் ஷூவை நாசமாக்கும். மறுநாள் வண்டியைத் தரையில் வைத்து முன்னே தள்ளி பிரேக், பின்னே இழுத்து பிரேக், இப்படி இருபது தடவை. நட்டு தளர்ந்த வண்டியை யாரும் ஓட்டிப் பார்க்கக் கூடாது, தள்ளினால் போதும். பிறகு நடு ஸ்டாண்டில் ஏற்றி, அட்ஜஸ்டரைத் தளர்த்திவிட்டு, உட்புறமிருந்து ஹப்பை ஒட்டிய இடத்தில் மரக்கட்டை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டினோம். கால் சுற்றுக்கு ஒரு தட்டு. இரண்டாவது வண்டி இதிலேயே விட்டுக்கொடுத்தது.

மூன்றாவது மசியவில்லை. ஸ்ப்ரேயின் ஈரத்தைச் சுத்தமாகத் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் ஹாட் ஏர் கன்னால் ஹப்பை மட்டும் ஐந்து நிமிடம் சூடாக்கினோம். தண்ணீர்த் துளி பட்டால் "சுர்" என்ற சத்தம் கேட்டதும் நிறுத்தினோம். நெருப்புச் சுவாலை கூடவே கூடாது. பெட்ரோல் டாங்கு பக்கத்தில், டயரும் சீலும் அதைவிடப் பக்கத்தில். அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். 20 மிமீ ஷாஃப்டில், அதுவும் கூடவே சூடாகிவிட்டாலும், 70 பாகை ஏற்றத்துக்கு 0.015 மிமீ இடைவெளி கிடைக்கிறது. அதுவே போதும். ஸ்போக்குகளுக்குப் பின்னால் தட்டுப் பலகை வைத்து புல்லரை (திருகி இழுக்கும் கருவியை) மாட்டி, கால் சுற்று முடுக்கி, காத்திருந்து, ஹப்பைச் சுற்றித் தட்டினோம். நான்காம் முறை "படீர்" என்று விட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். புல்லரின் விசை ஹப்புக்கும் ஷாஃப்டுக்கும் நடுவிலேயே முடிந்துவிடும், பேரிங்குக்குப் போகாது. சுத்தியலால் ஷாஃப்டின் தலையில் அடித்தால் அந்த அடி நேரே பேரிங் குண்டுகளில் இறங்கி, அவை ஓடும் தடத்தில் குழி விழுத்தும். முதல் வண்டியின் பேரிங்கில் வரிசையாக அந்தக் குழிகள் இருக்கின்றன. ஷாஃப்ட் நுனி காளான்போல விரிந்திருப்பதையும் நாங்கள் போட்டோ எடுத்து வைத்திருக்கிறோம். அந்த 85 வெள்ளிக்குக் கடல் காற்று காரணமல்ல, உங்கள் பட்டறைச் சுத்தியல்தான் காரணம்.

திரும்ப மாட்டும்போது இரு பக்கப் பல்லையும் பித்தளைப் பிரஷால் தேய்த்து, மாலிப்டினம் கலந்த கிரீஸை ஷாஃப்டின் பல்லில் மட்டும் பூசினோம். நட்டின் மரையிலோ டிரம் பக்கமோ படவிடவில்லை. மரையில் கிரீஸ் பட்டால் அதே டார்க்குக்கு நட்டு கூடுதலாக இறுகிவிடும். புது நட்டு, புது எக்ஸோஸ்ட் கேஸ்கெட். எண்ணிய சுற்றுக்கே அட்ஜஸ்டரைத் திருப்பி, கையால் சுற்றினால் சக்கரம் தடையின்றி ஓடுகிறதா என்று பார்த்த பிறகே வண்டி தெருவுக்குப் போனது.

1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவை தருகிறவர் தக்க கவனத்தோடும் திறனோடும் செய்தாக வேண்டும். ஆகவே 600 வெள்ளியை முழுமையாகத் திருப்பித் தாருங்கள். புது டயருக்கு நாங்கள் தனியாகக் கட்டியதைக் கேட்கவில்லை, அது எங்கள் செலவு. மூன்றாவது வண்டியின் கியர்பாக்ஸ் பேரிங்கையும் உங்கள் செலவில் சோதியுங்கள், 40 கிலோமீட்டர் வேகத்தில் லேசாக ரீங்காரம் கேட்கிறது. பின்சக்கர நட்டின் டார்க் அளவையும், பல்லில் கிரீஸ் பூச வேண்டும் என்பதையும் உரிமையாளர் கையேட்டில் அச்சிடுங்கள். இப்போது அந்தப் பக்கத்தில் "டீலரை அணுகவும்" என்ற ஒரே வரிதான் இருக்கிறது.

14 நாளுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் 5 வெள்ளி கட்டி பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுப்போம். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கும் இதன் நகல் போகிறது.

விரிசல் விட்ட ரிம்மையும் பேரிங்கையும் அன்றே கேட்டு வாங்கி வைத்திருக்கிறோம். ரிம்மின் நடு ஹப்பில் உள்ள பல்லிடுக்கை இன்னும் துடைக்கவில்லை. உங்கள் தொழில்நுட்ப அதிகாரி எந்த நாளும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
மூன்று வண்டிகளின் உரிமையாளர்கள்

இணைப்பு: பில் நகல், மூன்று சர்வீஸ் புத்தகங்களின் நகல், போட்டோக்கள் 11