ஊரடங்கில் அக்காவை வீட்டோடு தங்கச் சொல்வதற்கு முன்

சென்னை, ஜூலை 2020

அன்பு மகளுக்கு,

சித்தி எழுதுகிறேன். கொரோனா ஊரடங்கில் நின்ற பஸ் எப்போது ஓடும் என்று தெரியவில்லை, பாப்பாவைப் பார்த்துக்கொள்ளும் அக்காவை அதுவரை உங்கள் வீட்டிலேயே தங்கச் சொல்லலாமா என்று கேட்டிருந்தாய். இந்த ஊரில் எத்தனையோ வீடுகளில் இதே பேச்சுதான் நடக்கிறது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் பாக்கியைத் தீர்த்துவிடு. மார்ச் 25-க்குப் பிறகு அவர் வராத மாதங்களுக்குப் பாதிச் சம்பளம் போட்டதாகச் சொன்னாய். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் உங்கள் இருவருக்கும் முழுச் சம்பளம் வந்தது. அவரும் வேண்டுமென்று வராமல் இருக்கவில்லையே. சம்பளம் பிடிக்கக் கூடாது என்று மார்ச் 29 அன்று மத்திய உள்துறை போட்ட உத்தரவு ஆலைகளுக்கும் கடைகளுக்கும் வணிக நிறுவனங்களுக்கும்தான். வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் அதில் இல்லை. ஏப்ரலில் ரேஷன் கார்டுக்குக் கிடைத்த 1,000 ரூபாயில் ஒரு குடும்பம் எத்தனை நாள் சாப்பிடும்?

இனி, தங்குவது பற்றி. அவர் வீடு கண்ணகி நகரில், ஒற்றை அறை. பள்ளி திறக்கவில்லை, கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நடக்கிறது. அம்மா உன் வீட்டில் இருந்தால் அவருடைய இரண்டு பிள்ளைகளையும் யார் உட்கார வைத்துப் பார்க்கச் சொல்வார்கள், யார் சோறு போடுவார்கள்? இதை நீயே அவரிடம் கேள். மாட்டேன் என்றால் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் சரி என்பார். "நீங்கள் வராவிட்டாலும் சம்பளம் உண்டு, வேலையும் உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு கேட்டுப் பார். அப்போது வருவதுதான் உண்மையான பதில்.

அவர் மனசார ஒத்துக்கொண்டால், ராத்திரியை முதலில் பேசு. பாப்பா இரண்டு மணிக்கு அழுதால் எழுந்திருக்க வேண்டியது நீயும் மாப்பிள்ளையும். அவர் எழுந்தால் அதுவும் வேலை நேரம்தான். வீட்டு வேலைக்கு மணிக்கு 37 ரூபாய் என்று தமிழக அரசு 2018-இல் குறைந்தபட்ச ஊதியம் வைத்தது. அதற்குக் கீழே போகக் கூடாது என்பதற்குத்தான் அந்தக் கணக்கு, அதுவே போதும் என்பதற்கு இல்லை. பாப்பாவைப் பார்க்க வந்தவர் தலையில் பாத்திரமும் துணியும் மெல்ல மெல்ல ஏறும், கவனமாக இரு. வாரத்தில் 24 மணி நேரம் தொடர்ந்து ஓய்வு வேண்டும் என்கிறது வீட்டுப் பணியாளர்களுக்கான 2011-ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கை. இந்தியா அதை ஏற்கவில்லை என்றால் என்ன, நீ ஏற்றுக்கொள்ளலாமே. ஞாயிறு முழு ஊரடங்கு என்பதால் அன்று லீவு கொடுத்தால் அவர் வீடு போய்ச் சேர முடியாது. சனிக்கிழமை காலையே அனுப்பு, திங்கள் வரட்டும்.

காய்ச்சலைப் பற்றி நீ பேசும்போது அவர் பகுதியிலிருந்து வருமோ என்றுதான் சொல்கிறாய். மாப்பிள்ளை கடைக்குப் போகிறார், வாசலில் டெலிவரிப் பையன்கள் வந்து போகிறார்கள். உங்களில் ஒருவருக்கு வந்தால்? நோய் வந்த வீடு என்று மாநகராட்சி வாசலில் தகரம் அடித்து அடைத்தால் உள்ளே மாட்டிக்கொள்வது அவரும்தான், அவர் பிள்ளைகள் அந்தப் பக்கம். அவருக்கே வந்தால் எந்த அறையில் படுப்பார், யார் கஞ்சி வைத்துக் கொடுப்பார்கள், அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா? எல்லாவற்றையும் இப்போதே அவரிடம் சொல்லிவிடு. அவருக்கென்று தனித் தட்டு வைக்காதே, நீங்கள் சாப்பிடும் அதே மாதிரித் தட்டில் அவரும் சாப்பிடட்டும். உள்ளே மாஸ்க் என்றால் மூன்று பேருக்கும் மாஸ்க்.

என்னைக் கேட்டால், தங்க வைக்காதே. இப்போது ஆட்டோ ஓடுகிறது. தெரிந்த ஒரே டிரைவரைப் பேசி, வாரத்தில் நான்கு நாள் அழைத்து வந்து கொண்டுபோய் விடச் சொல், காசு நீ கொடு. மற்ற நாட்களில் மீட்டிங் நேரத்தை மாப்பிள்ளையும் நீயும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். 2007-இல் தொடங்கிய வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் அவர் பதிந்திருக்கிறாரா என்றும் கேள். இல்லையென்றால் நீ உட்கார்ந்து பதிந்து கொடு, பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை கிடைக்கும்.

பாக்கியை இன்றைக்கே அனுப்பிவிடு. அப்புறம் அவரிடம் பேசு.

அன்புடன்,
சித்தி