ஃபெரிட்டின் இறங்கிடுச்சு, கை வலி போகலையே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல ஹீமோகுரோமடோசிஸ், அதான் பரம்பரையா உடம்புல இரும்பு சேர்ந்துட்டே போற நோய், அது பத்தின கட்டுரைய படிச்சேன். நான் அயர்லாந்துல நர்ஸ். இங்க இது ரொம்ப சகஜம், கிட்டத்தட்ட 83 பேர்ல ஒருத்தருக்கு அப்பா அம்மா ரெண்டு பக்கத்துலேர்ந்தும் அந்த சி282ஒய் ஜீன் மாற்றம் வந்திருக்கு. கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா இரும்ப குறைக்க ரத்தம் எடுத்துட்டா எல்லாம் சரியாயிடும்னு முடிச்சீங்க பாருங்க, அத என்னால ஒத்துக்க முடியல.

ஆயுசு விஷயத்துல அது சரிதான். லிவர் சுருங்குறதுக்கும் சுகர் வர்றதுக்கும் முன்னாடியே கண்டுபிடிச்சு, வாராவாரம் 450, 500 மில்லி ரத்தம் எடுத்து ஃபெரிட்டின, அதான் உடம்புல எவ்வளவு இரும்பு சேர்ந்திருக்குன்னு காட்டுற ரத்த டெஸ்ட் நம்பர, 50 பக்கத்துல இறக்கிட்டா அவங்க மத்தவங்கள மாதிரியே வாழ்ந்துடுவாங்க. சோர்வும் பலருக்கு குறையுது. 2017ல ஆஸ்திரேலியால ஒரு ஆய்வு வந்துச்சு, ஃபெரிட்டின் 300லேர்ந்து 1000க்குள்ள இருந்தவங்கள ரெண்டா பிரிச்சு, பாதி பேருக்கு நிஜமாவே இரும்பு இருக்கிற சிவப்பணுவ எடுத்தாங்க, மீதி பேருக்கு மெஷின்ல போட்டு வெறும் பிளாஸ்மா, அதான் ரத்தத்தோட நீர்ப்பகுதி, மட்டும், யாருக்கு எதுன்னு அவங்களுக்கே தெரியாது, கடைசில நிஜமா எடுத்தவங்களுக்குத்தான் சோர்வு கூடுதலா குறைஞ்சுது. மனப்பிரமைன்னு சொல்லிட்டிருந்தவங்க வாய அடைச்ச ஆய்வு அது.

மூட்டுவலி கதையே வேற. ஆள்காட்டி விரல், நடுவிரல், ரெண்டோட அடி மூட்டத்தான் முக்கியமா பிடிக்கும், கை குலுக்கினாலே முகத்த சுளிப்பாங்க, ஜாம் பாட்டில் மூடிய திறக்க வீட்ல யாரையாவது கூப்பிடணும். இரும்பு முழுக்க இறங்கினப்புறமும் நிறைய பேருக்கு அந்த வலி போறதே இல்ல. ஆனா ரிப்போர்ட்ல நம்பர் நல்லா இருக்கு, அதனால சூப்பர், மூணு மாசம் கழிச்சு வாங்கன்னு அனுப்பிடறாங்க. இந்த வந்து போறது ஆயுசுக்கும் ஓயாது, ஆபீஸ்ல லீவு சொல்லணும், அதே நரம்புல 16 கேஜ் தடி ஊசி ஏத்தி ஏத்தி தழும்பாயிடும், அன்னைக்கு சாயங்காலம் சிலருக்கு தல சுத்தும். தாம்பத்தியத்துல நாட்டம் குறையுறதும் இந்த நோயோட வேலைதான், ஆம்பளைங்க அத வாயத் திறந்து சொல்லவே மாட்டாங்க, நாமளா கேட்டாத்தான் உண்டு. ஃபெரிட்டின் எவ்வளவுன்னு கேக்குறப்போ கை எப்படி இருக்கு, தூக்கம் வருதான்னும் கேக்க என்ன, ரெண்டு நிமிஷம் ஆகுமா?

இன்னொண்ணு, கட்டுரைய படிச்சுட்டு யாரும் முருங்கைக்கீரைய நிறுத்திடாதீங்க! நம்மாளுங்ககிட்ட இந்த ஜீன் மாற்றம் ரொம்ப அபூர்வம், ஃபெரிட்டின் ஏறியிருந்தா பெரும்பாலும் கொழுப்பு லிவர், சுகர், இல்ல உள்ளுக்குள்ள ஏதாவது அழற்சியா இருக்கும். நம்ம ஊர்ல இரும்பால அவதிப்படறது தலசீமியா, அதான் பரம்பரையா வர்ற ரத்தக் குறைபாடு, இருக்கிற பிள்ளைங்க. ரத்தம் ஏத்தி ஏத்தியே இரும்பு சேருது, ஏற்கனவே ரத்தசோகை, இதுல ரத்தத்த எடுக்கவும் வழியில்ல, அதனால இரும்ப வெளியேத்துற டெஃபெராசிராக்ஸ் மாதிரி மாத்திரைய தினமும் முழுங்கணும். அவங்க படிப்பு, வயசுக்கு வர்றது தள்ளிப்போறது, கல்யாணப் பேச்சு, இதெல்லாம் வெச்சு அடுத்த இதழ்ல ஒரு கட்டுரை போடுங்க சார்.

ஒரு வாசகி,
டப்ளின்