உளுந்து விதை ஏன் சிறுத்திருக்கிறது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்தத் தைப் பட்டத்துக்கு எங்கள் கடையில் ஆடுதுறை 3 ரக உளுந்து வாங்கியவர்களில் பலர் ஒரே கேள்வியுடன் திரும்பி வந்தீர்கள்: "விதை ஏன் இவ்வளவு பொடி?" சிலர் கூடவே, "மணி பெருக்க ஹார்மோன் மருந்து ஏதாவது கொடுங்கள்" என்றும் கேட்டீர்கள். கல்லாவில் நின்றபடி இரண்டு வரியில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால் இந்த மடல்.

விதை சிறுத்திருப்பது உண்மைதான். எங்களுக்கு விதை தரும் வயலில் காய் திரளும் நேரத்தில் வெயில் கடுமையாக இருந்தது. ஒரு தண்ணீரும் தாமதமாகிவிட்டது. மூட்டையைப் பிரித்ததுமே இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது எங்கள் தவறு.

பூ கருவுற்றதும் சூலுக்குள் முதலில் நடப்பது செல்கள் பிரிந்து பெருகும் வேலை. அதை முடுக்குவது சைட்டோகைனின் என்ற ஹார்மோன். பருப்பில் எத்தனை செல்கள் என்பது பெரும்பாலும் அந்தச் சில நாட்களிலேயே முடிவாகிவிடும். குதிர் எத்தனை என்று முதலில் தீர்ந்துவிடுகிறது, நெல் பிறகுதான் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே சமயம், கருவைச் சூழ்ந்திருந்து அதற்கு உணவூட்டும் முளைசூழ்தசையிலிருந்து வரும் ஆக்சின் என்ற ஹார்மோன், விதையுறையை வளரச் சொல்கிறது. உறை அகலாவிட்டால் உள்ளே பருப்பு பெருக்க இடமில்லை. ஜிப்ரலின், பிராசினோஸ்டீராய்டு என்ற இன்னும் இரண்டு வகை ஹார்மோன்கள் செல்களை நீட்டிப் பெரிதாக்குகின்றன. பிராசினோஸ்டீராய்டு குறைந்த நெல் வகைகளில் மணி குட்டையாகவே நின்றுவிடுகிறது.

நம்மில் பலர் பூ நிற்க, தேங்காயும் மோரும் சேர்த்துப் புளிக்க வைத்த தேமோர் கரைசல் தெளிக்கிறோம். தேங்காய்த் தண்ணீர் என்பதே நீராக இருக்கும் முளைசூழ்தசைதான். அதில் சைட்டோகைனின் உண்டு. 1941-இல் ஊமத்தையின் இளங்கருவைக் கண்ணாடிக் குடுவையில் வளர்க்க ஆராய்ச்சியாளர்கள் கையில் எடுத்ததும் தேங்காய்த் தண்ணீரைத்தான்.

கடைசியாக வருவது அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன். விதை காய்ந்தாலும் சாகாமல் இருக்கவும், முளைக்காமல் உறங்கவும் அதுதான் காரணம். கொத்து ரக நிலக்கடலையில் இந்த உறக்கம் மிகக் குறைவு; அறுவடை நேரத்தில் மழை பெய்தால் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் தட்டுப்பட்டால் செடி இந்த அமிலத்தை முன்கூட்டியே கூட்டிவிடுகிறது. மணி நிரம்பும் நாட்கள் குறைகின்றன. எங்கள் உளுந்துக்கு நேர்ந்தது இதுதான். ரகம் மாறவில்லை, இந்தப் பொடி விதையில் வரும் செடி, தண்ணீர் சரியாகக் கிடைத்தால், வழக்கமான அளவு மணியையே தரும்.

இனி மருந்து விஷயம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயறு ஒண்டரை (பயறு வகைகளுக்கான சத்தும் வளர்ச்சி ஊக்கியும் கலந்த தெளிப்பு) நாங்களும் விற்கிறோம். ஏக்கருக்கு 2 கிலோ, 200 லிட்டர் தண்ணீரில், பூக்கும் தருணத்தில். என்.ஏ.ஏ. (நாப்தலீன் அசிட்டிக் அமிலம்) என்ற செயற்கை வளர்ச்சி ஊக்கியைத் தெளிப்பவர்கள் லிட்டருக்கு 40 மில்லிகிராம் என்ற கணக்கில், பூக்கும் முன் ஒருமுறையும் 15 நாள் கழித்து ஒருமுறையும் தெளிக்கலாம். இரண்டும் பூ உதிர்வைக் குறைக்கும். அதாவது காயின் எண்ணிக்கையைக் கூட்டும். மணியைப் பெரிதாக்கும் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். காய் கூடினால், இருக்கிற சாப்பாட்டைப் பங்கு போட ஆள் கூடுகிறது என்றுதான் பொருள்.

"கொஞ்சம் கூட ஊற்றினால் என்ன?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். என்.ஏ.ஏ. ஆக்சின் வகை. ஆப்பிள் தோட்டங்களில் அளவுக்கு மிஞ்சிய பிஞ்சுகளை உதிர்க்கவும் இதையே தெளிக்கிறார்கள். நாம் களைக்குத் தெளிக்கும் 2,4-டி-யும் ஆக்சின் வகைதான்! உள்ளே என்ன இருக்கிறது என்று லேபிளில் எழுதாத "மணி பெருக்கி" பாட்டில்களை நாங்கள் வாங்கி வைப்பதில்லை. 2021 முதல், பயிர் வளர்ச்சியைத் தூண்டத் தெளிக்கும் உயிரூக்கிகளும் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்துவிட்டன. வேறு எங்கு வாங்கினாலும் லேபிளையும் ரசீதையும் கேட்டு வாங்குங்கள்.

விதைப்புக்கு வருவோம். உளுந்துக்குச் சான்று விதையின் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 75 சதவீதம். இந்த மூட்டைகளில் நான்கு முறை நூறு நூறு விதையாக ஈரச் சாக்கில் வைத்துப் பார்த்தோம். நான்கு முறையும் அதைத் தாண்டியது. நெல் தரிசில் தெளிப்பவர்கள் வழக்கம்போல ஏக்கருக்கு 10 கிலோவே போடுங்கள். விதை பொடி என்பதால் அதே எடையில் எண்ணிக்கை சற்றுக் கூடுதலாகவே விழும். மானாவாரியில் ஆழமாக விதைப்பவர்களுக்கு மட்டும் இந்த மூட்டை வேண்டாம். சிறு விதையில் கையிருப்பு உணவு குறைவு, ஆழத்திலிருந்து முளை மேலே வரத் திணறும். அவர்களுக்கு அங்குலத்துக்கு ஏழு கண் உள்ள 7 x 7 சல்லடையில் மேலே தங்கிய விதையைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம், அதே விலைதான்.

பிரிக்காத மூட்டையைத் திருப்பிக் கொடுக்க விரும்புபவர்கள் ரசீதுடன் மாசி பிறப்பதற்குள் வாருங்கள். பிரித்துவிட்டவர்கள் ஒரு கைப்பிடி விதை கொண்டுவந்தால், உங்கள் கண்முன்னே சாக்கில் வைத்து, நாலாம் நாள் சேர்ந்து எண்ணிப் பார்ப்போம்.

இப்படிக்கு,
உங்கள் விதைக் கடைக்காரர்